பத்து ஆம்பியர்

புதுவயல் மில்லிலிருந்து அரிசி ஏற்றும் குட்டியானை.
ஓட்டுவது சிட்டாள்.
நான்காவது முறையாக என் பட்டறை வாசலில் நிறுத்தினாள்.
சாவியைத் தரவில்லை, தூக்கிக் காட்டினாள்.
பின்விளக்கு மறுபடியும் செத்திருந்தது.

முதல் முறை வந்தபோதே சொன்னாள்:
"பாரம் ஏத்துனாத்தான் போகுதுண்ணே."
நான் சிரித்திருப்பேன்.
கரண்டுக்குத் தெரியுமா
முதுகில் இருப்பது பொன்னியா வைக்கோலா என்று.
கருகிய சிவப்பு பியூஸைப் பிடுங்கிப்
புதுச் சிவப்பைச் செருகினேன்.
எரிந்தது.
முந்நூறு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த முறை ஹோல்டர்.
அதற்கடுத்து பிரேக் சுவிட்ச்,
கூடவே ஒரு எர்த் கம்பி, மனசு கேட்காமல்.
டெஸ்ட் பல்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.
மூன்று முறையும் வண்டி காலி.
காலி வண்டியில்
எல்லாக் கம்பியும் நல்ல கம்பி.

நடுவில் கண்டனூரில் ஒருத்தன்
பியூஸ் காலில் செம்புக்கம்பி சுற்றித் தருகிறேன் என்றானாம்.
"இனிமே போகவே போகாது."
"அப்ப எது போகும்?"
கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.
என்னிடம் இதைச் சொன்னபோது
நான் ஒயர் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தேன்.
பேசாமல் இருக்க அது வசதி.

இன்று வண்டி காலியில்லை.
இருபத்தெட்டு சிப்பம்.
தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி.
"இப்பப் பாருங்க."
"இறக்கிட்டு வந்தா நல்லா..."
"இறக்க மாட்டேன்."

சாக்கு விரித்து அடியில் நுழைந்தேன்.
மதியம் முழுக்கக் காய்ந்த தரை
சாக்கைத் தாண்டி முதுகைச் சுட்டது.
மேலே எழுநூறு கிலோ அரிசி
மூச்சு விடுகிற தூரத்தில்.
ஸ்பிரிங் பட்டைகள் நெளிந்து தட்டையாகி
சேஸ் அச்சை நோக்கி இறங்கியிருந்தது.
காலியாய் நிற்கையில் நாலு விரல் தள்ளித் தொங்கும் கம்பிக்கட்டு
இப்போது இரும்பின் மேல் சாய்ந்து படுத்திருந்தது.
கிளிப் இருந்த இடத்தில் ஓட்டை.

"ஒரு தடவ ஆட்டுங்க."
அவள் வாசற்படிக் கல்லில் நின்று
பின்பலகையைப் பிடித்துக் குதித்தாள்.
டிக்.
ஒரு சின்ன நீலம்.
விரலால் கம்பியைத் திருப்பிப் பார்த்தேன்.
தோல் தேய்ந்து
அரை அரிசி அளவுக்குச் செம்பு.
வேகத்தடைக்கு வேகத்தடை
அது இரும்பைத் தொட்டுத் தொட்டு எழுந்திருக்கிறது.

டேப் சுற்றி, ஸ்லீவ் போட்டு,
இழுத்து மேலே கட்டி
இரண்டு கிளிப் அடித்தேன்.
இருபது நிமிடம்.
"இருநூறு குடுங்க."

அவள் உரக்கக் கணக்குப் போட்டாள்.
முந்நூறு. ஐந்நூற்று ஐம்பது. எழுநூறு.
சாக்கோட்டையில் போலீஸ் போட்ட பைன் தனி.
பிறகு டேஷ்போர்டில் கைவிட்டு
ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தாள்.
என் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.
பதினொரு பியூஸ்,
நான் கழற்றிக் கொடுத்தது,
ராத்திரி ரோட்டோரம் அவளே கழற்றியது.
"டேப்புக்கு ஐம்பது" என்று நோட்டை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

தேவகோட்டை ரோட்டில் திரும்பும்போது
விளக்கைப் போடச் சொல்லியிருந்தேன்.
நாலு மணி வெயில்.
எரிகிறதா இல்லையா,
கண்ணை இடுக்கியும் தெரியவில்லை.

இரவு ஒன்பதரைக்கு போன்.
பெயரைப் பார்த்து
மூன்று மணி அடிக்கவிட்டு எடுத்தேன்.
"எரியுது" என்றாள்.
வைத்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து
அந்தப் பதினொன்றையும் மேசையில் கொட்டி
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பத்தில் கம்பி அறுந்து கருகியிருந்தது.
ஒன்றில் இல்லை.
முழுசாக இருக்கிறது.
மீட்டர் வைத்தேன், கூவியது.
இதை எந்த முறை கழற்றினேன்,
எதற்குக் காசு வாங்கினேன்?